ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

எங்கள் பிள்ளைப் பருவத்தில் திருமயத்துத் தெருக்களில் மதிய வேளையில் ஒரு குரல் ஒலிக்கும். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்..." என்று கடைசி எழுத்தை இழுத்து நீட்டும் அந்தக் குரலைக் கேட்டதும் விளையாட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுவோம். அடுப்படிப் பரணில் கிடக்கும் ஓட்டைச் செம்பு, பிடி உடைந்த பித்தளைக் கரண்டி, அப்பத்தா ஆண்டுக்கணக்காக ரசம் வைத்து நெளிந்துபோன ஈயச் சொம்பு என எது கைக்கு அகப்பட்டாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவோம். மிதிவண்டியில் கட்டிய கூடைக்குள் அந்தப் பாத்திரம் விழும். செய்தித்தாள் துண்டில் பிசுபிசுவென்று ஒட்டிய பேரீச்சம்பழம் எங்கள் கைக்கு வரும். அப்பத்தாவின் வசவு அதற்குப் பிறகு வரும்.

அந்த வியாபாரத்தில் எடை குறைந்திருக்கலாம்; பழமும் சொத்தையாக இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்த பொருள் எங்கே போகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பட்டறையில் உருகும், தட்டப்படும், அடுத்த தைக்குள் வேறொரு வீட்டுக்கு விளக்காகவோ குடமாகவோ போய்ச் சேரும். பொருளுக்கு மறுபிறவி உண்டு என்பதை நாங்கள் சமய நூல்களுக்கு முன்பே அந்தக் கூடையில் கண்டிருக்கிறோம்.

அதே தொழிலின் இன்றைய வாரிசு ஒருவருக்கு 2019ஆம் ஆண்டு எங்கள் தமிழ்த்துறை ஆறு கணினிகளை விற்றது. அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, வெட்கம்தான்.

*

அந்த ஆறு கணினிகளும் 2008இல் வந்தன. "தமிழ்த்துறைக்குக் கணினி எதற்கு, செய்யுள் கணக்குப் போடவா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தவர்கள் உண்டு. நாங்கள் பொருட்படுத்தவில்லை. முதல் சரசுவதி பூசைக்கு ஆறு திரைகளின் நெற்றியிலும் சந்தனப் பொட்டிட்டோம். அலுவலக உதவியாளர் வெள்ளை வண்ணத்தைத் தொட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் 'தமிழ் 1' முதல் 'தமிழ் 6' வரை அழகாக எழுதினார். இருப்புப் பதிவேட்டிலும் அதே எண்கள் ஏறின.

அவை செய்த உதவியைக் குறைத்துச் சொல்வது நன்றி கொன்றதாகும். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எங்கள் மாணவர்கள் அந்தத் திரைகளில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். நூலகத்தில் ஒரே படியாக இருந்து, பேராசிரியர்களின் வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையே பயணம் செய்துகொண்டிருந்த நூல்களை, அரிமளத்திலிருந்தும் ராங்கியத்திலிருந்தும் பேருந்தேறி வரும் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் படித்தார்கள். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் எழுந்து நிற்பதைக் கண்டு வாய்பிளந்த மாணவியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. சொல்லடைவுக்காக அட்டை அட்டையாக எழுதி அடுக்கிய தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கும் அந்த வியப்பு இருந்தது.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன்பின் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. ஒன்றில் மின்வழங்கி எரிந்தது. ஒன்றின் வன்தட்டு கறகறத்தது. மற்றவை ஓடின, ஆனால் புதிய உலாவிகளைத் தாங்கவில்லை. 2019இல் ஒரு குழு கூடி, ஆறும் பயனற்றவை என்று கையொப்பமிட்டது. அலுவலக வழக்கில் இதற்குக் 'கண்டம் செய்வது' என்று பெயர். அக்குழுவில் நாங்களும் இருந்தோம். எடைக்கு ஏலம் விட்டோம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் சரக்கு வண்டியோடு வந்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், தேநீர் குடித்தார், போனார். பதிவேட்டில் ஆறு எண்களையும் சிவப்பு மையால் அடித்து, 'நீக்கப்பட்டது' என்று எழுதித் தேதியிட்டோம். அந்த அறையில் இடம் கிடைத்தது பற்றி எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சில மாதங்கள் கழித்துப் பங்குனி மாதத்தில், திருமயத்தில் குடியிருக்கும் நாங்கள் இருவர் வழக்கம்போல் விடிகாலையில் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீர் வற்றி வெடிப்பு விட்டிருந்த காலம். மூக்கைத் துளைக்கும் ஒரு நாற்றம் வந்தது. குப்பை எரியும் நாற்றம் எங்களுக்குப் பழக்கம்தான். இது வேறு, தொண்டைக்குள் இனிப்பாக இறங்கிப் பிறகு கசந்தது. கரைக்குக் கீழே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பால் நெருப்பைக் கிளறிக்கொண்டு நின்றார். கம்பிச் சுருள்கள் கரும்புகை கக்கி எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஏற்கெனவே எரித்து அணைந்த வட்டங்கள், மண்ணில் எண்ணெய் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடந்தன.

"என்ன தம்பி எரிக்கிறீங்க?"

"ஒயரு சார். உரிச்சுக்கிட்டு உக்காந்தா ஒரு நாள் போயிரும். கொளுத்திவிட்டா அரை மணி நேரத்துல செம்பு தனியா வந்துரும்."

"இந்தப் புகை உடம்புக்கு ஆகாதே?"

"காத்தடிக்கிற பக்கம் நிக்க மாட்டேன் சார்."

கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிக் குவியல் ஒன்று வெயிலேறாத வெளிச்சத்திலும் மின்னியது. கனத்த, வளைந்த, சாம்பல் நிறக் கண்ணாடி. அது என்ன என்று கேட்டோம்.

"பழைய மானிட்டர் சார். கழுத்துல இருக்குற செம்பை எடுத்துக்குவோம். பலகையெல்லாம் கடைக்காரரு மெட்ராஸுக்கு அனுப்பிருவாரு. கண்ணாடிய மட்டும் யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு வெல இல்ல." கம்பின் நுனியால் ஒரு பிளாஸ்டிக் ஓட்டைப் புரட்டிப்போட்டார். "இது உங்க காலேசு சாமான்தான் சார். தமிழ்னு போட்டிருக்கு பாருங்க."

பாதி உருகி மடங்கிய அந்த ஓட்டில் வெள்ளை எழுத்து தெரிந்தது: 'தமிழ் 4'.

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல என்னும் தொடரை உவமைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்று அந்த உவமையில் ஈயம் மெய்யாகவே இருந்தது.

*

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொது. அப்பத்தாவின் ரசச் சொம்பு வெள்ளீயம், அதனால் கேடில்லை. கண்மாய்க் கரையில் கிடந்த கண்ணாடிக்குள் இருப்பது காரீயம். பழைய திரைகளின் படக்குழாய்க்குள் உயர் மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் பாய்ந்து மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அவை பார்ப்பவரைத் தாக்காமல் தடுப்பதற்காகவே கண்ணாடியோடு காரீயம் கலக்கப்பட்டது. குழாயின் அளவைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து சில கிலோ வரை அது இருக்கும். நம் கண்முன் இருந்தவரை நம்மைக் காத்த பொருள் அது. உடைத்து மண்ணில் போட்ட பிறகு, மழையும் காற்றும் அதைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவருகின்றன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் கெடுக்கிறது என்றும், இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க எல்லை அதற்கு இல்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசில் இந்த இரண்டு ஈயங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

தொண்டையில் இனித்துக் கசந்த அந்தப் புகையைப் பற்றியும் பிறகு படித்தோம். கம்பியின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. குறைந்த சூட்டில் திறந்த வெளியில் அதை எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நச்சு வகை உண்டாகிறது; உடனிருக்கும் செம்பே அந்த வினையைத் தூண்டிவிடுகிறது. டையாக்சின் கொழுப்பில் தங்கும் இயல்புடையது. மண்ணைக் கிளறும் கோழிக்கும், கோழியிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து நமக்கும் வந்து சேரும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில், அக்போக்புளோசி என்னும் இடத்தில் பல்லாண்டுகளாகக் கம்பிகளை எரித்துச் செம்பு எடுத்துவந்தார்கள். 2019இல் அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்தபோது, ஒரு முட்டையை உண்பவருக்கு ஒரு நாளைக்குத் தாங்கத்தக்க அளவைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலான நச்சு சேரும் என்று தெரியவந்தது. 2021இல் அந்த இடத்தை அரசு இடித்து அப்புறப்படுத்தியது. மண்ணில் இறங்கியது அங்கேதான் இருக்கிறது. சீனத்தின் குய்யூ நகரில் குழந்தைகளின் குருதியைச் சோதித்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. 165 குழந்தைகளில் 135 பேருக்குக் காரீயம் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது.

எங்கள் கண்மாய் அக்ராவும் இல்லை, குய்யூவும் இல்லை. எரிந்தது சிறு நெருப்பு. ஆனால் கரையில் கோழிகளும் ஆடுகளும் மேய்ந்துகொண்டிருந்தன. ஐப்பசி மழைக்கு அந்தக் கறுப்பு வட்டங்களின் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும்.

*

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை குன்றின்மேல் நிற்கிறது. குன்றின் அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என இருவருக்கும் ஒரே பாறையைக் குடைந்த இரண்டு கோயில்கள். சிவன் கோயில் குடைவரைச் சுவரில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டுக்கு உறவானது. இன்று அதில் 'பரிவாதினி' என்பது போன்ற சில எச்சங்களே தெரிகின்றன. பெரும்பகுதி செதுக்கி எடுக்கப்பட்டு, அதன்மேல் 13ஆம் நூற்றாண்டில் வேறொன்று எழுதப்பட்டது. இரண்டு கோயிலாருக்கும் இடையே நடந்த நெடிய வழக்கை ஒய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் 1245இல் தீர்த்துவைத்தபோது எழுந்த ஆவணம் அது.

மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் அழிந்துபோன இசைக்காக வருந்துவோம். கண்மாய்க் கரைக்குப் பிறகு அந்தச் சுவர் இன்னொன்றையும் சொன்னது. ஒரு பாறையில் இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்தை அழித்தபோது உதிர்ந்தது கல்தூள் மட்டுமே. அறிவு போயிற்று, நிலம் கெடவில்லை.

ஏடுகளுக்கும் அதுவே நேர்ந்தது. ஆடிப்பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கம் நம் துறையில் எல்லோருக்கும் ஆறாத புண். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் தீயில் இடப்பட்டதை உ.வே.சா. எழுதியிருப்பதைப் படிக்கும்போது இன்றும் கை நடுங்கும். எத்தனை நூல்கள் போயினவோ! ஆனால் பனையோலை ஆற்றில் ஊறி மீனுக்கு நிழலாகி மக்கிற்று. தீயில் வெந்து சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலைப் பயிருக்கும் போடலாம். இழந்தவர்கள் நாம், ஆறு எதையும் இழக்கவில்லை.

கணினியில் இரண்டையும் சேர்த்து இழக்கிறோம். எங்களோடு படித்த நால்வரின் எம்.ஃபில். ஆய்வேடுகள் நான்கு நெகிழ்வட்டுகளில் இருக்கின்றன. 2003இல் புதுக்கோட்டையில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியவை. அவற்றைப் படிக்கும் கருவி இன்று எங்கள் கல்லூரியில் ஒன்றுகூட இல்லை. எப்படியோ திறந்தாலும், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கும்வரை திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகளின் கூட்டமாகத்தான் இருக்கும். இருபது ஆண்டுகளில் எங்கள் எழுத்து எங்களுக்கே படிக்க முடியாத கல்வெட்டாகிவிட்டது. அந்த நெகிழ்வட்டைக் கண்மாயில் போட்டால் மக்காது, எரித்தால் நஞ்சு. ஓலையை எழுதியவர் மாண்ட பிறகும் ஓலை சில நூற்றாண்டு இருந்தது. பொறியில் எழுதியவர்கள் உயிரோடு இருக்கிறோம், எழுத்து போய்விட்டது, பொறி மட்டும் போக மறுக்கிறது.

பழையவை கழிவதும் புதியவை புகுவதும் குற்றமாகா என்னும் கருத்துடைய நன்னூல் நூற்பாவை ஆண்டுதோறும் நடத்துகிறோம். கணினி வாங்கும்போதும் விற்கும்போதும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பவணந்தியார் பேசியது இலக்கண வழக்குகளைப் பற்றி. ஒரு சொல் வழக்கொழிந்தால் அகராதியில் படுத்துக்கொள்ளும், குடிநீரில் கலக்காது. அந்த விதியைப் பொருள்களுக்கு நீட்டியது நாம் செய்த வழு.

*

ஒரு கணினி பிறக்கும்போதே எவ்வளவு தின்கிறது என்பதையும் அதன்பிறகுதான் அறிந்தோம். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட நூலொன்று கணக்கிட்டுச் சொன்னது: 17 அங்குலப் படக்குழாய்த் திரையுடன் ஒரு மேசைக் கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள்கள், 1,500 கிலோ தண்ணீர் செலவாகின்றன. எரிபொருள் மட்டுமே கணினியின் எடையைப்போல் பத்து மடங்கு. ஒரு மகிழுந்துக்கோ குளிர்பதனப் பெட்டிக்கோ அதன் எடையைப்போல் ஓரிரு மடங்குதான் ஆகிறது. கணினி தன் வாழ்நாளில் குடிக்கும் மின்சாரத்தைவிட அது உருவாகும்போது செலவாகும் ஆற்றலே பெரிது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. எங்கள் ஆறு கணினிகளும் எங்களிடம் வந்து சேரும் முன்பே ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீரைக் குடித்திருந்தன. கோடையில் ஒரு தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

எனவே, பழையதை நல்ல முறையில் உருக்குவது இரண்டாவது அறம். உள்ளதை நெடுநாள் வைத்திருப்பதே முதல் அறம். ஆனால் காலம் எதிர்த்திசையில் ஓடுகிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அடுத்த பதிப்புக்குத் தகுதியற்றவை என்று அன்றே 'கண்டம்' ஆயின. உடல் நலமாக இருக்க, சாதகத்தில் கண்டம் வந்த கதை.

நம் மாநிலத்தையே பார்ப்போம். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. அவ்வளவும் படக்குழாய்ப் பெட்டிகள். 2011இல் அதே செப்டம்பர் 15 அன்று மடிக்கணினித் திட்டம் தொடங்கிப் பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் எட்டியது. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இவற்றைக் குறை சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பெண்ணுக்கு அந்த மடிக்கணினி என்ன செய்தது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். கேட்க வேண்டியது வேறு. கொடுக்கும் நாளுக்கு விழா இருந்தது, மேடை இருந்தது. பழுதாகித் திரும்பும் நாளுக்கு ஒரு மேசையாவது இருக்கிறதா? திருமயத்து வீடுகளில் அந்தத் தொலைக்காட்சிகளைத் தேடிப் பாருங்கள். சில மாட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. சில வெறும் கூடாகிக் கோழி அடையும் பெட்டியாகியிருக்கின்றன. படக்குழாய் எங்கே என்று கேட்டால் வீட்டார் கை கண்மாய்ப் பக்கம் நீள்கிறது.

உலகக் கணக்கும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 41 இலட்சம் டன். மிச்சமுள்ள நான்கில் மூன்று பங்கு ஏதோ ஒரு கண்மாய்க் கரையில், ஏதோ ஒரு தம்பியின் கம்பு நுனியில் இருக்கிறது.

*

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழக அரசு 2010லேயே மின்னணுக் கழிவுக் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசின் விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்குப் பின்வந்த 2016ஆம் ஆண்டு விதிகளை நாங்கள் எடுத்துப் படித்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 'மொத்த நுகர்வோர்' பட்டியலில் அரசுத் துறைகள், வங்கிகளோடு கல்வி நிறுவனங்களும் இருந்தன. அவை தங்கள் மின்னணுக் கழிவை அனுமதி பெற்ற வழிகளில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். ஆண்டறிக்கை தர வேண்டும். நாங்கள் எடைக்கு விற்றது 2019இல். ஏலக்குழுவில் இருந்த முனைவர்கள் எவருக்கும் அந்த விதி தெரியாது. எரித்தவர் படிக்காதவர் என்று சொல்லிக்கொண்டு தப்ப வழியில்லை. படித்தவர்கள் படிக்காததால் எரிந்த நெருப்பு அது.

2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. உற்பத்தியாளர்களே பொறுப்பேற்க வேண்டும் என்பதில் அவை முன்னவற்றைவிட உறுதியானவை. ஆனால் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் வைத்திருப்போரே இப்போது மொத்த நுகர்வோர். எங்களைப் போன்ற சிறிய கல்லூரி அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. சட்டம் கையை விட்ட இடத்தில் மனச்சான்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது எளிதும் இல்லை. 2023இல் பழுதான திரைகள், அச்சுப்பொறிகள், மின்கலங்கள் எல்லாவற்றையும் ஓர் அறையில் சேர்த்தோம். ஆசிரியர் வீடுகளிலிருந்தும் கொண்டுவரச் சொன்னோம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றைத் தேடிப் பேசினோம். ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வண்டி வர வேண்டும். அவ்வளவு தொலைவுக்குக் குறைந்தது இவ்வளவு எடை வேண்டும் என்றார்கள். மூன்று கல்லூரிகளின் சரக்கைச் சேர்த்த பிறகுதான் வண்டி வந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் கொடுத்திருக்கக்கூடிய பணத்தில் பாதிகூடத் தேறவில்லை. "இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?" என்று தணிக்கையின்போது கேட்டார்கள். விலை இல்லாத கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் எங்கள் பதில். கேட்டவர்கள் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

கண்மாய்க் கரைத் தம்பியின் மேல் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. அந்தப் பலகைகளில் பொன் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 2001இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். ஒரு டன் கணினிப் பலகையில் அதைப்போல் பன்மடங்கு உண்டு. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கித் தேடியதை நாம் வாசலில் வைத்து எடைக்குப் போடுகிறோம். அவருக்குக் கிடைப்பது செம்புக் கம்பியும் இருமலும்தான். சேகரித்தல், பிரித்தல் ஆகிய வேலைகளை அவரைப் போன்றவர்கள்தான் இன்றும் செய்கிறார்கள். எரிக்காமல் உரிக்கும் ஓர் எளிய எந்திரமும், உரிப்பதற்கு நியாயமான கூலியும் கிடைத்தால் அவர் தீக்குச்சியைத் தொட மாட்டார். பேரீச்சம்பழக்காரரிடம் இருந்த அதே கைத்திறன்தான் அவரிடமும் இருக்கிறது. பொருள்தான் மாறிவிட்டது, அதை எங்களைப் போன்றவர்கள் அவரிடம் சொல்லவில்லை.

எங்களால் ஆனவை சிறியவை. துறையில் இப்போதுள்ள எட்டுக் கணினிகளில் ஐந்து, நினைவகம் கூட்டி, கட்டற்ற இயங்குதளம் நிறுவி, ஓடிக்கொண்டிருக்கின்றன. படிக்கவும் தட்டச்சிடவும் அதற்குமேல் தேவையில்லை. மாணவர்கள் வாங்கும் மடிக்கணினியை ஐந்தாண்டில் தூக்கிப் போடாமல் பத்தாண்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். சிலர் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் செய்தோம். இருப்புப் பதிவேட்டில் பொருளின் பெயர், வாங்கிய நாள், விலை, நீக்கிய நாள் என்று பத்திகள் உண்டு. பொருள் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பத்தி இல்லை. அச்சடித்த கோடுகளுக்கு வெளியே, வலப்பக்க ஓரத்தில், அடிக்கோல் வைத்து ஒரு பத்தி வரைந்து 'எங்கே' என்று தலைப்பிட்டோம். 2023இல் அனுப்பியவற்றுக்கு நேரே அந்த நிறுவனம் இருக்கும் ஊரை எழுதினோம். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி, சிவப்பு மையால் அடித்த ஆறு வரிகளுக்கு வந்தோம். ஐந்து எங்கே போயின என்று எங்களால் சொல்ல இயலாது. அங்கே கோடு மட்டும் போட்டோம். தமிழ் 4க்கு நேரே 'திருமயம், கண்மாய்க் கரை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.